வீட்டில் எத்தனை ஆம்பியர்? ஜெர்மனியில் கரண்ட்டை அளக்கும் முறை

ஊரிலிருந்து கப்பலில் வந்த வெட் கிரைண்டர், இங்கே வாங்கிய கெட்டில், ரைஸ் குக்கர், கூடுதலாக ஓர் இன்டக்‌ஷன் அடுப்பு. ஜெர்மனியில் குடியேறிய தமிழர் வீட்டுச் சமையலறையில் இவை பெரும்பாலும் ஒரே சர்க்யூட்டில்தான் ஓடுகின்றன. அந்த சர்க்யூட் எவ்வளவு தாங்கும், நாம் எவ்வளவு இழுக்கிறோம் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அளந்தே தெரிந்துகொள்ளலாம்.

அளக்கும் கருவிகள் நான்கு: கையில் வைத்திருக்கும் மல்டிமீட்டர், எலெக்ட்ரீஷியன்கள் டாங் டெஸ்டர் என்று சொல்லும் கிளாம்ப் மீட்டர், பிளக்கில் சொருகும் மீட்டர், வீட்டுக்கு வெளியே அல்லது நிலவறையில் சுழலும் மின்கம்பெனி மீட்டர். இந்த அத்தியாயத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 230 வோல்ட் கரண்ட்டை டாங் டெஸ்டராலோ சொருகு மீட்டராலோ மட்டும் அளங்கள். மல்டிமீட்டரின் ஆம்பியர் துளையை பேட்டரிக்கும் 12 வோல்ட் அடாப்டருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைத்தான் இனி பார்க்கப்போகிறோம்.

எதை அளக்கிறோம்

வோல்ட் என்பது அழுத்தம். ஆம்பியர் என்பது ஒயரில் ஓடும் கரண்ட்டின் அளவு. இரண்டையும் பெருக்கினால் வாட். ஜெர்மனியில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் அதே அளவுதான். அதனால் நம் ஊர் மிக்ஸியும் கிரைண்டரும் மாற்றி எதுவும் இல்லாமல் இங்கே ஓடும். பிளக்கும் ஒயரின் நிறமும்தான் வேறு.

ஜெர்மன் வீடுகளில் சுவர் பிளக் பாயிண்டுகளுக்கான சர்க்யூட்டில் பெரும்பாலும் 'பி 16' என்று எழுதிய பிரேக்கர் இருக்கும். இங்கே எல்லோரும் அதை 'ஸிஷெருங்' என்பார்கள். 16 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 3,680 வாட். அந்த சர்க்யூட்டில் உள்ள எல்லா பாயிண்டுகளுக்கும் சேர்த்து இதுதான் வரம்பு. சமையலறைச் சாமான்களின் கணக்கு இப்படி வரும்:

- கெட்டில், 2,200 வாட்: 9.6 ஆம்பியர்
- ஒற்றை இன்டக்‌ஷன் அடுப்பு, 2,000 வாட்: 8.7 ஆம்பியர்
- மிக்ஸி, 750 வாட்: 3.3 ஆம்பியர்
- ரைஸ் குக்கர், 700 வாட்: 3 ஆம்பியர்
- வெட் கிரைண்டர், 150 வாட்: 1 ஆம்பியருக்குள்

கெட்டிலும் இன்டக்‌ஷனும் சேர்ந்து ஓடினால் 18.3 ஆம்பியர். பிரேக்கர் உடனே விழும் என்று நினைப்போம். விழாது. வரம்பைப் போல 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்பியர் வரை, ஒரு மணி நேரம் ஓடினாலும் அது விழக்கூடாது என்பதே அதன் தரநிலை. 1.45 மடங்கு, அதாவது சுமார் 23 ஆம்பியர் போனால், ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் விழுவதற்கு 3 முதல் 5 மடங்கு, 48 முதல் 80 ஆம்பியர் வரை தேவை. ஆகவே 18 ஆம்பியர் நெடுநேரம் ஓடும்போது பிரேக்கர் சும்மா இருக்கும்; மலிவான எக்ஸ்டென்ஷன் பெட்டியின் உள்ளே இருக்கும் தகடு சூடேறிக்கொண்டே போகும். பிரேக்கர் விழவில்லை என்பதை வைத்து எல்லாம் சரி என்று முடிவுகட்டக் கூடாது. அளந்து பார்க்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

மீட்டருக்குள் என்ன நடக்கிறது

கரண்ட்டை அளக்கும் கலைக்கு ஜெர்மனி ஒருவகையில் தாய்வீடு. கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கேயார்க் ஸீமோன் ஓம், கொதிநீரிலும் பனிக்கட்டியிலும் இரு முனைகளை வைத்த உலோக இணைப்பிலிருந்து நிலையான கரண்ட்டை எடுத்தார். மெல்லிய இழையில் தொங்கவிட்ட காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். அதிலிருந்து கண்ட விதியை 1827-இல் நூலாக வெளியிட்டார். அழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் கரண்ட் கிடைக்கும் என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் விதி அது. 1887-இல் பெர்லினின் ஷார்லோட்டன்பூர்க்கில் அளவீட்டுக்கென்றே ஓர் அரசு நிறுவனம் பிறந்தது. அதன் வாரிசான இயற்பியல்-தொழில்நுட்ப நிறுவனம் இப்போது பிரவுன்ஷ்வைக் நகரில் இயங்குகிறது. 1898-இல் வந்த ஜெர்மன் சட்டம், வெள்ளிக் கரைசலிலிருந்து நொடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படியவைக்கும் கரண்ட்தான் ஓர் ஆம்பியர் என்று வரையறுத்தது. 2019 மே 20 முதல், எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை வைத்து உலகம் முழுவதும் ஆம்பியர் வரையறுக்கப்படுகிறது.

கையில் இருக்கும் மல்டிமீட்டர் ஓமின் விதியைத்தான் இன்றும் நம்பியிருக்கிறது. அதன் ஆம்பியர் துளைக்குப் பின்னால் மிகச் சிறிய மின்தடை உள்ள ஓர் உலோகத் துண்டு இருக்கிறது. ஷன்ட் என்று பெயர். அது 0.01 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே 10 ஆம்பியர் ஓடினால் இரு முனைகளுக்கும் இடையே 0.1 வோல்ட் உண்டாகும். மீட்டர் உண்மையில் அந்த 0.1 வோல்ட்டைப் படித்து, அதை 10 ஆம்பியர் என்று காட்டுகிறது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். ஒன்று, கரண்ட் முழுவதும் மீட்டருக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடியைக் கடக்காமல் எந்த வண்டியும் போக முடியாதது போல, பாதையை ஓர் இடத்தில் துண்டித்து, அந்த இடைவெளியில் மீட்டரை வைக்க வேண்டும். இதுவே தொடர் இணைப்பு. இரண்டு, மீட்டருக்கு மின்தடை இல்லை என்றே சொல்லலாம். வோல்ட் அளப்பதுபோல நினைத்து, ஆம்பியர் துளையில் குச்சியை வைத்துக்கொண்டு சுவர் பாயிண்டின் இரு துளைகளிலும் செருகினால், நீங்கள் அளக்கவில்லை. ஷார்ட் சர்க்யூட் செய்கிறீர்கள். ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். நல்ல மீட்டரில் உள்ளே இருக்கும் மணல் அடைத்த ஃபியூஸ் உங்களைக் காப்பாற்றும். மலிவு மீட்டரில் அந்த ஃபியூஸ் வெறும் கண்ணாடிக் குழாயாக இருக்கும், சில மீட்டர்களின் 10 ஆம்பியர் துளையில் ஃபியூஸே இருக்காது. மீட்டர் கையிலேயே வெடிக்கலாம்.

மல்டிமீட்டரில் அளப்பது

பாதுகாப்பாகப் பழகிக்கொள்ள 12 வோல்ட் அடாப்டரில் எரியும் எல்.இ.டி. பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. அடாப்டரைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள்.
2. கறுப்புக் குச்சியை 'காம்' துளையிலும், சிவப்புக் குச்சியை 10 ஆம்பியர் துளையிலும் செருகுங்கள். எவ்வளவு கரண்ட் வரும் என்று தெரியாதபோது எப்போதும் பெரிய அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.
3. திருகியை நேர்மின்சார ஆம்பியருக்குத் திருப்புங்கள். நேர்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் உள்ள குறி நேர்மின்சாரம், அலைக்கோடு மாறுமின்சாரம்.
4. அடாப்டரிலிருந்து பட்டைக்குப் போகும் பிளஸ் ஒயரைக் கழற்றுங்கள். சிவப்புக் குச்சி அடாப்டர் பக்கம், கறுப்புக் குச்சி பட்டை பக்கம்.
5. இப்போது அடாப்டரைச் சொருகுங்கள். பட்டை எரியும், எண் தெரியும். 6 வாட் பட்டை என்றால் 0.5 ஆம்பியருக்கு அருகில் வர வேண்டும். கழித்தல் குறி வந்தால் குச்சிகள் மாறியிருக்கின்றன, வேறு பிழையில்லை.
6. முடித்தவுடன் அடாப்டரை எடுத்துவிட்டு, சிவப்புக் குச்சியை மறுபடி வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள்.

ஆறாவது படிதான் எல்லாவற்றிலும் முக்கியம். மல்டிமீட்டர் விபத்துகள் பெரும்பாலும் நேற்று ஆம்பியர் அளந்த குச்சியை அப்படியே விட்டுவிட்டு இன்று வோல்ட் அளக்கப் போகும்போது நடக்கின்றன. மில்லிஆம்பியர் துளையில் ஷன்ட் பெரியது. ஃபியூஸோடு சேர்த்து சில ஓம் வரை போகும். சிறிய பேட்டரிச் சாமான்களில் அதுவே கொஞ்சம் வோல்ட்டைத் தின்றுவிடும் என்பதால் எண் சற்றுக் குறைவாகக் காட்டும்.

டாங் டெஸ்டரில் அளப்பது

230 வோல்ட்டுக்கு இதுவே சரியான கருவி. ஒயரை வெட்ட வேண்டாம், தொடவும் வேண்டாம். கரண்ட் ஓடும் ஒயரைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. தாடை போன்ற இரும்பு வளையம் அதைப் பிடிக்கிறது. சாதாரண டாங் டெஸ்டர் மாறுமின்சாரத்தை மட்டும் அளக்கும். நேர்மின்சாரத்தையும் அளப்பதற்கு உள்ளே ஹால் சென்சார் இருக்க வேண்டும். கார் பேட்டரி அல்லது சோலார் பேனல் பக்கம் அளக்க அதுதான் தேவை.

முதன்முதலில் பயன்படுத்துவோர் எல்லோரும் கெட்டிலின் முழு ஒயரையும் தாடைக்குள் வைப்பார்கள். மீட்டர் சுழி காட்டும். மீட்டர் கெட்டுப்போகவில்லை. ஒயருக்குள் போகும் கரண்ட்டும் திரும்பி வரும் கரண்ட்டும் சம அளவில் எதிரெதிராக இருப்பதால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஒற்றை ஒயரைத்தான் பிடிக்க வேண்டும். அதற்காக ஒயரின் மேலுறையை உரிக்காதீர்கள். சுவருக்கும் சாமானுக்கும் இடையே செருகும் லைன் ஸ்ப்ளிட்டர் கடைகளில் கிடைக்கிறது. அதில் ஒற்றை ஒயரைப் பிடிக்கும்படி வளையம் விட்டிருப்பார்கள்.

கரண்ட் மிகக் குறைவாக இருந்தால் ஒரு வித்தை உண்டு. சற்று நீளமான ஒற்றை ஒயரைத் தாடைக்குள் 10 சுற்றுச் சுற்றுங்கள். மீட்டர் பத்து மடங்கு காட்டும். வந்த எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது இரண்டு குறிகளைப் பாருங்கள். ஒன்று, 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.'. எல்.இ.டி. விளக்கு, கம்ப்யூட்டர், டிம்மர் ஆகியவை இழுக்கும் கரண்ட் ஒழுங்கான அலையாக இருக்காது. இந்தக் குறி இல்லாத மீட்டர் அங்கே குறைத்துக் காட்டும். இரண்டாவது, 'கேட்' எண். சுவரில் சொருகும் சாமான்களுக்கு கேட் 2, சுவருக்குள் இருக்கும் ஒயரிங்குக்கும் பிரேக்கர் பெட்டிக்கும் கேட் 3, மின்கம்பெனி இணைப்பு வரும் இடத்துக்கு கேட் 4. வீட்டில் வைத்திருப்பது கேட் 3, 600 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். மீட்டரில் மட்டும் இருந்தால் போதாது, குச்சிகளிலும் அந்த எண் அச்சாகியிருக்க வேண்டும்.

சொருகு மீட்டர்

மீட்டரைச் சுவரிலும் சாமானை மீட்டரிலும் சொருகினால் வோல்ட், ஆம்பியர், வாட், யூனிட் எல்லாம் திரையில் வந்துவிடும். வாடகை வீட்டில் இருக்கும் மாணவருக்கு இது ஒன்றே போதும். இதில் கவனிக்க ஒன்று உண்டு. கெட்டிலுக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் சரியாக வரும். கிரைண்டர் போன்ற மோட்டார் சாமானுக்கு அப்படி வராது. பெருக்கல் தொகையைவிட வாட் குறைவாக இருக்கும். மோட்டார் இழுக்கும் கரண்ட்டில் ஒரு பகுதி வேலை செய்யாமலே போய்த் திரும்புகிறது. பில் வருவது வாட்டுக்கு. ஒயர் சூடாவது ஆம்பியருக்கு.

டிவி அணைந்திருக்கும்போது 10 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 87.6 யூனிட். யூனிட் 30 சென்ட் என்று கணக்கிட்டாலும் 26 யூரோ. ஆனால் ஓரிரு வாட்டுக்குக் கீழே மலிவு மீட்டர்களின் எண்ணை நம்ப வேண்டாம்.

வீட்டு மீட்டரை வைத்தே அளப்பது

எந்தக் கருவியும் இல்லையா? நிலவறை மீட்டரும் கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச்சும் போதும். பழைய மீட்டரில் அலுமினியத் தட்டு சுழலும். அதன் ஓரத்தில் சிவப்புக் குறி இருக்கும். டூரின் நகர அறிவியலாளர் கலிலியோ ஃபெராரிஸின் பெயரால் இதை ஜெர்மனியில் ஃபெராரிஸ் மீட்டர் என்கிறார்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சுற்று என்று தகட்டில் எழுதியிருக்கும். 75 என்ற எண்ணைப் பல வீடுகளில் காணலாம்.

வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இன்டக்‌ஷன் அடுப்பை மட்டும் போடுங்கள். சிவப்புக் குறி ஒருமுறை சுற்றிவர எத்தனை நொடி என்று பாருங்கள். 36,00,000-ஐ 75-ஆல் வகுத்தால் 48,000. அதை நொடியால் வகுத்தால் வாட். 24 நொடி என்றால் 2,000 வாட். அதை 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். உங்கள் மீட்டரில் 75-க்குப் பதிலாக வேறு எண் இருந்தால் அதனால் வகுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தட்டு மீட்டர்கள் 2032-க்குள் மாற்றப்பட்டுவிடும். புதிய டிஜிட்டல் மீட்டரில் அந்த நொடியின் வாட்டையே பார்க்கலாம். அதற்கு ஒரு பின் எண் தேவை. மீட்டரை நிர்வகிக்கும் நிறுவனத்திடம் கேட்டு வாங்கலாம். பல மாடல்களில் மீட்டரின் கண் மீது டார்ச் ஒளியை அடித்துத்தான் அந்த எண்ணைப் பதிவார்கள். திரையில் 1.8.0 என்று வருவது நீங்கள் வாங்கிய யூனிட். பால்கனியில் சோலார் வைத்திருந்தால் 2.8.0 என்பது நீங்கள் வெளியே அனுப்பிய யூனிட். பால்கனி சோலார் இன்வெர்ட்டருக்கு 2024 மே முதல் வரம்பு 800 வோல்ட்-ஆம்பியர். அதாவது நல்ல வெயிலில் சுமார் 3.5 ஆம்பியர் உங்கள் ஒயரிங்குக்குள் வருகிறது.

குடிபுகும் நாளில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. வீட்டின் எல்லா பிரேக்கர்களையும் இறக்கிவிட்டு மீட்டரைப் பாருங்கள். தட்டு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேறு யாருடைய விளக்கோ உங்கள் மீட்டரில் ஓடுகிறது, அல்லது நீங்கள் பார்ப்பது உங்கள் மீட்டர் இல்லை. மீட்டர் எண்ணையும் அன்றைய யூனிட்டையும் ஒப்படைப்புப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். மீட்டரே தவறு என்று சந்தேகம் இருந்தால் அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் சோதிக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சரியாக இருந்தால் சோதனைச் செலவு உங்களுடையது. தவறாக இருந்தால் மீட்டரை நிர்வகிக்கும் நிறுவனத்துடையது.

கிரைண்டர் போட்டால் கரண்ட் போகிறதே

ஊரில் பத்து வருடம் ஓடிய கிரைண்டர் இங்கே போட்டவுடன் வீடே இருண்டுவிடுகிறது என்று பலர் சொல்வார்கள். விழுவது பி 16 இல்லை, 'எஃப்-ஈ' என்று இங்கே அழைக்கும் கசிவுப் பாதுகாப்பு. அதுவும் ஒரு கரண்ட் மீட்டர்தான். முழு ஒயரைப் பிடித்தால் டாங் டெஸ்டர் சுழி காட்டியது அல்லவா? எஃப்-ஈயும் போகும் ஒயர், திரும்பும் ஒயர் இரண்டையும் ஒரே வளையத்துக்குள் வைத்துப் பார்க்கிறது. சுழி என்றால் சும்மா இருக்கும். சிறு பகுதி கரண்ட் கிரைண்டரின் உலோக உடல் வழியாகவோ மனித உடல் வழியாகவோ தரைக்குக் கசிந்தால் வித்தியாசம் தெரியும். 30 மில்லிஆம்பியருக்குள் அது விழுந்துவிடும். ஜெர்மனியில் குளியலறைகளுக்கு 1984 முதலும், புதிய ஒயரிங்கில் சாதாரண பிளக் பாயிண்டுகளுக்கு 2007-இல் வந்த தரநிலையாலும் இது கட்டாயம். பழைய கட்டடங்களில் இல்லாமலும் இருக்கலாம்.

ஆகவே கிரைண்டர் எஃப்-ஈயை விழவைத்தால் குறை ஜெர்மன் கரண்ட்டில் இல்லை. ஈரமும் வயதும் சேர்ந்து கிரைண்டரில் கசிவு இருக்கிறது. ஊரில் அதைப் பிடிக்க ஆள் இல்லை, இங்கே இருக்கிறது. வேறு வீட்டில் சொருகிப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள். கூடவே நம் ஊர் மூன்று முனை பிளக்கை வெட்டிவிட்டு, ஷுகோ என்று அழைக்கும் எர்த் உள்ள ஜெர்மன் பிளக்கை எலெக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுவிடுங்கள். பயண அடாப்டர்கள் பலவற்றில் எர்த் இணைப்பே இல்லை.

கை வைக்கக் கூடாத இடங்கள்

பிரேக்கர் பெட்டியின் மூடிக்குள்ளும் சுவருக்குள் இருக்கும் ஒயரிலும் வேலை செய்ய, மின்வலை நிறுவனத்தின் பட்டியலில் பதிவான எலெக்ட்ரீஷியன்களுக்கே அனுமதி. தாழ்வழுத்த இணைப்பு விதிமுறையின் 13-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அவர்கள் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்கும் ஐந்து விதிகள் இவை: மின்சாரத்தைத் துண்டி, யாரும் மறுபடி போடாதபடி பூட்டு, மின்சாரம் இல்லை என்று அளந்து உறுதி செய், எர்த் செய்து ஷார்ட் செய், பக்கத்தில் மின்சாரம் உள்ள பகுதிகளை மூடு. மூன்றாவது விதிக்கு அவர்கள் இரு குச்சி உள்ள டெஸ்டரை வைத்திருப்பார்கள். நம் வீடுகளில் இருக்கும் டெஸ்டர் ஸ்குரூடிரைவர் எரியாததை வைத்து மின்சாரம் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

ஊரில் ஒயரிங் தெரிந்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நம் ஊர் வழக்கத்தில் கறுப்பு நியூட்ரல். ஜெர்மனியில் கறுப்பு ஃபேஸ். பழுப்பும் சாம்பலும்கூட ஃபேஸ். நியூட்ரல் நீலம், எர்த் பச்சை-மஞ்சள். 1965-க்கு முந்தைய ஒயரிங்கில் இன்னும் சிக்கல்: அங்கே சாம்பல் நியூட்ரலாகவும், நாம் ஃபேஸ் என்று நினைக்கும் சிவப்பு எர்த்தாகவும் இருக்கும். ஷுகோ பிளக்கை எந்தப் பக்கமும் திருப்பிச் சொருகலாம் என்பதால் ஃபேஸ் வலப்பக்கம் என்ற ஊர்க் கணக்கும் இங்கே செல்லாது. நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். ஷாக் அடித்தால், வலி போய்விட்டாலும் இதயத் துடிப்பைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நினைவு தப்பினால் 112.

இந்த வாரமே ஒரு சொருகு மீட்டர் வாங்கி, சமையலறைச் சாமான் ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, பாயிண்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். சேர்த்துப் போடும் சாமான்களின் தொகை 16-ஐத் தாண்டாமலும், மணிக்கணக்கில் ஓடும் சாமான் ஒரே பாயிண்டில் 10-ஐத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் அந்தத் தாளைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்.